ஜாதகம் இல்லாத லேத்துகள்

காஞ்சிபுரத்துக்கு வருகிறவர்கள் கோயில்களைப் பார்ப்பார்கள், காந்தி சாலையில் புடவை எடுப்பார்கள், கோயில் இட்லியை விசாரித்துச் சாப்பிட்டுவிட்டு ஊர் போய்ச் சேருவார்கள். பிள்ளையார்பாளையம் வரைக்கும் போகிறவர்கள் தறிச் சத்தத்தையும் கேட்டிருப்பார்கள். அந்தத் தெருக்களின் முனையில் ஒரு தகரக் கொட்டகையும், அதற்குள் எண்ணெய்க் கறையோடு ஒரு லேத்தும் இருக்கும். ராட்டைக் கதிர் வளைந்தாலும், முறுக்கு மிஷினில் புஷ் தேய்ந்தாலும், கரும்புச்சாறு வண்டியின் உருளை உடைந்தாலும் அங்கேதான் போயாக வேண்டும். அந்த லேத் எந்த ஊர்ச் சரக்கு, வயது என்ன என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். "இங்கிலீஷ் லேத்து சார், வெள்ளைக்காரன் காலத்து" என்பார்கள். பாதிப் பேர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பெயர்த் தகடு இருக்காது, விலைச்சீட்டு இருக்காது. ஜாதகம் தொலைந்த மாப்பிள்ளை மாதிரி.

எனக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நான் டர்னர் அல்ல, குமாஸ்தா. ஓர் அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் (ஊர்ப் பெயர் வேண்டாம்) பல வருஷம் பண்டகசாலைப் பிரிவில் இருந்தேன். டெட் ஸ்டாக் ரிஜிஸ்டர் என் பொறுப்பு. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு வரி: பெயர், எண்ணிக்கை, வந்த தேதி, விலை, குறிப்பு. "லேத், இங்கிலீஷ், 1" என்று ஒரு முன்னோர் எழுதிவைத்திருப்பார். ரிஜிஸ்டர் கிழிந்து புதிது போடும்போதெல்லாம் அடுத்தவர் அதையே பார்த்து எழுதுவார். வருஷாந்திரச் சரிபார்ப்பில் எண்ணிக்கை ஒன்று இருந்தால் ஒரு டிக். தணிக்கைக்கு அது போதும். டர்னருக்குப் போதாது. எங்கள் டர்னர் பிரிவுப் பயிற்றுநர் ஒருவர் இதைச் சொல்லிச் சொல்லி என்னை லேத் பக்கத்தில் நிறுத்திக் கற்றுக்கொடுத்தார். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். மில்லிமீட்டர் எனக்குத் தாய்ப்பால். அங்குலத்தில் பிறந்த இயந்திரங்களை அவர் மூலம்தான் அறிந்தேன்.

பிரெஞ்சில் லேத்துக்கு 'தூர்' என்று பெயர். ஆண்பாலில் 'லெ தூர்' என்றால் லேத். பெண்பாலில் 'லா தூர்' என்றால் கோபுரம். நம் தமிழிலோ 'கடைசல்'. மோர் கடைவதும் மரம் கடைவதும் ஒரே சொல். காரணம் சுலபம். மத்தில் கயிற்றைச் சுற்றி இப்படியும் அப்படியும் இழுப்பதைப் போலவேதான் பழைய கடைசல்காரர் மரத்தில் கயிற்றைச் சுற்றி, ஓர் ஆளை இழுக்கவிட்டு, உளியைக் கையால் பிடித்துக் கடைந்தார். தொட்டில் கட்டையும் மரச்சொப்பும் அப்படித்தான் உருண்டன. இரும்பு அதற்கு மசியாது. உளியைக் கை தாங்காது. இயந்திரமே இறுக்கிப் பிடித்து, இம்மி பிசகாமல் நகர்த்த வேண்டும்.

அந்தக் காரியத்தைச் செய்தவர்களில் முந்தியவர் ஒரு பிரெஞ்சுக்காரர் என்பதும், பட்டுக்காகவே செய்தார் என்பதும் காஞ்சிபுரத்துக்காரர்கள் அறிய வேண்டிய செய்தி. ழாக் தெ வோகான்சன், 1709இல் கிரெனோபிளில் பிறந்தவர். தானியம் கொத்தித் தின்னும் இயந்திர வாத்து ஒன்றைச் செய்து 1739இல் பாரிஸையே வாய்பிளக்க வைத்தவர். 1741இல் அரசாங்கம் அவரைப் பட்டுத் தொழிற்சாலைகளின் இன்ஸ்பெக்டராகப் போட்டது. அவர் கொண்டுவந்த விதிகளைப் பொறுக்காமல் 1744இல் லியோன் நகரத்து நெசவாளர்கள் கலகம் செய்தார்கள். மனிதர் ஊரை விட்டே ஓட வேண்டியதாயிற்று. (இன்ஸ்பெக்டர் என்றால் எந்த ஊர் நெசவாளருக்கும் ஆகாது போலிருக்கிறது.) 1745இல் தானாக இயங்கும் தறி ஒன்றைச் செய்தார். 1751 வாக்கில் இரும்புச் சட்டத்தில், உளி வண்டி இரும்புத் தண்டவாளத்தின் மேல் நீளத் திருகால் நகரும்படி ஒரு லேத்தை அமைத்தார். பட்டுத் துணிக்கு மெருகேற்றும் உலோக உருளைகளைச் சீராகக் கடைவதற்கு அது தேவைப்பட்டது. இன்றும் பாரிஸில் கலை, கைத்தொழில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவருடைய தறியை அங்கே கண்டு ஆராய்ந்துதான் ஜக்கார், 1804இல் தன் பெயர் விளங்கும் பெட்டியை உருவாக்கினார். நம் ஊர்த் தறிகளின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறதே, அந்த ஜக்கார்டுதான். ஆக, தறியின் தலையில் இருப்பதும் தெருமுனைக் கொட்டகையில் இருப்பதும் ஒரே வீட்டில் தொட்டில் ஆடியவை.

மரை வெட்டும் லேத்தை ஊருலகம் ஏற்கும்படி நிறுத்தியவர் லண்டன் ஹென்றி மாட்ஸ்லே, 1800 வாக்கில். அவர் பட்டறையில் வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த், 1841இல் "இனிமேல் எல்லோரும் ஒரே மாதிரி மரை வெட்டுங்கள்" என்று திட்டம் கொடுத்தார். மரையின் கோணம் 55 பாகை, முனைகள் உருண்டை. அமெரிக்காவில் செல்லர்ஸ் என்பவர் 1864இல் 60 பாகை என்றார். ஐரோப்பியர்கள் 1898இல் ஜூரிக்கில் கூடி மில்லிமீட்டரில் 60 பாகை என்றார்கள். மூன்று குடும்பம், மூன்று வழக்கம். நம் நாட்டுப் பட்டறைகளில் மூன்றும் கலந்து கிடக்கின்றன. உதிரிப் பாகம் பொருந்தாமல் போகும் கதையெல்லாம் இங்கேதான் ஆரம்பம்.

எப்படிக் கலந்தன? முதலில் ரயில்வேக்கும் மில்லுக்கும் இங்கிலீஷ் லேத்துகள் கப்பலில் வந்தன. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க லேத்துகளும் சேர்ந்துகொண்டன. போர் முடிந்ததும் உபரி இயந்திரங்களை அரசாங்கத்தின் டிஸ்போசல்ஸ் துறை விற்றுத் தள்ளியது. 1950இல் மத்திய அரசின் கைவினைஞர் பயிற்சித் திட்டம் தொடங்கியபோது, பயிற்சி நிலையங்களுக்கும் இப்படிப்பட்ட சரக்கு வந்து இறங்கியது. இதற்கிடையில் நம்மவர்களும் சும்மா இருக்கவில்லை. துங்கபத்திரைக் கரையில் ஹரிஹரில் மைசூர் கிர்லோஸ்கர் 1941இல் ஏற்பட்டது. கோயம்புத்தூரில் 1926இல் தொடங்கிய பி.எஸ்.ஜி. தொழிற்கூடம் பிற்காலத்தில் நல்ல லேத்துகளைத் தந்தது. பெங்களூரில் 1953இல் எச்.எம்.டி., சுவிட்சர்லாந்தின் ஓர்லிகான் கூட்டோடு வந்தது. கைக்கடிகாரத்தால் நாம் அறிந்த எச்.எம்.டி. முதலில் செய்தது லேத்துதான். பிறகு பஞ்சாபில் பட்டாலா, லூதியானா, குஜராத்தில் ராஜ்கோட். இங்கேயுள்ள சிறு பட்டறைகள் இங்கிலீஷ் லேத்தைப் பார்த்து அச்சு அசலாக வார்த்து, மலிவாக நாடு முழுக்க அனுப்பின. குறை சொல்லவில்லை, அந்த லேத்துகளால் பிழைத்த குடும்பங்கள் ஆயிரம். ஆனால் 1935இன் முகத்தோடு 1975இல் பிறந்த பிள்ளைகள் அவை. முகத்தைப் பார்த்து வயது சொன்னால் ஏமாந்து போவோம்.

சரி, வயதை எப்படிக் கண்டுபிடிப்பது? தகடு இருந்தால் குமாஸ்தாவுக்குக் கொண்டாட்டம். செய்தவர் பெயரைவிட, கீழே இருக்கும் விலாசத்தைப் படியுங்கள். விற்ற ஏஜெண்டின் விலாசத்தில் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிறகு வந்த தகடு. அந்தச் சுதந்திர தினத்தில்தான் பின்கோடு அமலுக்கு வந்தது. 'மதராஸ் ஸ்டேட்' என்றிருந்தால் பெரும்பாலும் 1969 பொங்கலுக்கு முன்பு. நம் ஊர்க்காரர் அண்ணா பெயரை மாற்றிக்கொடுத்துவிட்டு அடுத்த மாதமே கண்ணை மூடினார். அந்தத் தேதியை லேத் தகட்டிலும் படிக்கலாம். ஹரிஹர் விலாசத்தில் 'மைசூர் ஸ்டேட்' என்றால் 1973 நவம்பருக்கு முன்பு, 'கர்நாடகா' என்றால் பின்பு. 'மேற்கு ஜெர்மனி' என்றால் 1949க்கும் 1990க்கும் நடுவில். அமெரிக்க லேத்தில் போர் உற்பத்தி வாரியத்தின் பித்தளைத் தகடு ஒட்டியிருந்தால் 1942 முதல் 1945க்குள். இரும்பு தெரியாவிட்டாலும் அரசாணைத் தேதிகள் தெரிந்தவனுக்கு இது கைவந்த கலை. மோட்டாரில் இருக்கும் தகட்டை மட்டும் நம்பாதீர்கள். மோட்டார் லேத்தின் மூன்றாம் தாரமாகக்கூட இருக்கும்.

தகடு போய்விட்டதா? (பித்தளை ஆயிற்றே, எடைக்கு எடை காசு, பெரும்பாலும் போயிருக்கும்.) அப்போது உடம்பைப் பார்க்க வேண்டும். பழைய லேத்துகளுக்குச் சொந்த மோட்டார் கிடையாது. கூரையில் ஒரு நீளத் தண்டு ஓடும், அதிலிருந்து தோல் பெல்ட் இறங்கும்; பழைய அரிசி ஆலையில் பார்த்திருப்பீர்கள். அதனால் தலைப்பகுதியில் படிப்படியாகக் குறையும் கூம்புக் கப்பி இருக்கும். பிற்பாடு வந்தவற்றில் மூடிய பெட்டிக்குள் பல்சக்கரங்கள், வெளியே கைப்பிடிகள். சுழலும் தண்டு வெண்கலப் புஷ்ஷில் ஓடினால் பழைய முறை. கூம்பு உருளை பேரிங்கில் ஓடினால் பிந்தையது. அந்தப் பேரிங்குக்கு டிம்கன் காப்புரிமை வாங்கியதே 1898இல். மரையின் அளவை மாற்ற ஒரு கைப்பிடியைத் துளைக்குத் துளை நகர்த்தினால் போதும் என்றிருக்கும் பெட்டிக்கு நார்ட்டன் பெட்டி என்று பெயர். நார்ட்டன் என்ற அமெரிக்கர் 1892இல் காப்புரிமை பெற்றது. அது இல்லாமல் பல்சக்கரங்களைக் கழற்றி மாட்ட வேண்டியிருந்தால் பழைய வகை, அல்லது மலிவு வகை. படுக்கையின் மேல்பக்கம் தட்டையாக இருந்தால் இங்கிலீஷ் வழக்கம்; கூரை முகடு போல வரம்பு வரம்பாக இருந்தால் அமெரிக்க வழக்கம்.

இதிலெல்லாம் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஓர் அங்கத்தைப் பார்த்து "இந்த வருஷத்துக்கு முன்பு இல்லை" என்று துணிந்து சொல்லலாம். "இந்த வருஷத்துக்குப் பின்பு இல்லை" என்று சொல்லவே முடியாது. கூம்புக் கப்பியையும் வெண்கலப் புஷ்ஷையும் பட்டாலாக்காரர்கள் சுதந்திரத்துக்கு வெகுகாலம் பின்னும் வைத்துச் செய்தார்கள். பள்ளிச் சான்றிதழில் இருக்கும் பிறந்த தேதி மாதிரி. அதைவிட மூத்தவராக இருக்கலாம், இளையவராகவும் இருக்கலாம், ஆனால் அலுவலகத்துக்கு ஏதோ ஒரு தேதி வேண்டும்!

நான் கண்டவரையில் ஏமாற்றாத சாட்சி, மரைதான். அரை அங்குல போல்ட் ஒன்றைக் கழற்றி, ஸ்கேலை வைத்து ஓர் அங்குலத்துக்கு எத்தனை மரை என்று எண்ணுங்கள். 12 என்றால் விட்வொர்த், இங்கிலீஷ் குடும்பம். 13 என்றால் அமெரிக்கன். எண்ணிக்கை எதற்கும் சேராமல், 12 மி.மீ. விட்டமும் 1.75 மி.மீ. இடைவெளியும் வந்தால் மெட்ரிக். கண்ணுக்கு மூன்றும் அண்ணன் தம்பி. நட்டை மாற்றிப் போட்டால் ஒன்றரைச் சுற்று ஏறி நிற்கும். பலத்தைக் காட்டினால் மரை போய்விடும். 'மரை கழண்டவன்' என்று மனிதரைச் சொல்கிறோமே, அது இப்படி வந்த சொல்லாகத்தான் இருக்க வேண்டும் என்று எங்கள் பயிற்றுநர் சொல்வார். அடுத்து லேத்தின் நீளத் திருகு, லீட் ஸ்க்ரூ. அதன் மரை சதுரமாக இருந்தால் மிகப் பழையது. சரிவாக, 29 பாகையில் இருந்தால் ஆக்மி, அங்குலக் குடும்பம். 30 பாகை என்றால் மெட்ரிக் குடும்பம். ஒரு பாகை வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, அச்சுத் தகடு வைத்தால் தெரியும். அங்குலத்துக்கு 4 மரையா, 6 மி.மீ. இடைவெளியா என்று ஸ்கேல் வைத்தாலே போதும், இயந்திரம் எந்த அளவில் சிந்திக்கிறது என்று தெரிந்துவிடும்.

வாங்குகிறவர்கள் விழும் இன்னொரு பள்ளம், பேச்சு வழக்கு. இங்கிலீஷ்காரர் லேத்தின் அளவைச் சொன்னால், படுக்கையிலிருந்து மையம் வரை உயரம். பிரெஞ்சுக்காரரும் அப்படியே, மில்லிமீட்டரில். அமெரிக்கர் சொல்வது சுழலக்கூடிய முழு விட்டம். அமெரிக்கரின் 9 அங்குல லேத்தும் இங்கிலீஷ்காரரின் நாலரை அங்குல லேத்தும் ஒரே ஆகிருதி. நம்மவர்களோ படுக்கையின் நீளத்தைச் சொல்வார்கள்: "ஆறடி லேத்து." மூவரும் உண்மையே பேசி, மூவரும் ஒருவரையொருவர் ஏமாற்றலாம்.

இனி என் மனத்தில் நெடுநாள் கிடந்த விஷயத்துக்கு வருகிறேன். 1990களில் எங்கள் நிலையத்தில் பழைய இயந்திரங்களைக் கண்டம் செய்து ஏலம் விட்டார்கள். அதில் அந்த "லேத், இங்கிலீஷ், 1" உண்டு. ரிஜிஸ்டரின் வேறொரு பக்கத்தில் "சேஞ்ச் வீல், மரப்பெட்டியில், 22" என்று தனிப் பதிவு. அந்த லேத்தில் மரை வெட்ட மாட்டும் பல்சக்கரங்கள் அவை. இரண்டும் ஒரே லாட்டாகப் போக வேண்டும், பெட்டி இல்லாமல் லேத் முடம் என்று குறிப்பு வைத்தேன். இயந்திரம் தனி, உதிரி இரும்பு தனி என்பதே நடைமுறை என்று கோப்பு திரும்பி வந்தது. லேத் ஒருவருக்குப் போயிற்று. பெட்டியைத் தராசில் வைத்து, கிலோ இத்தனை என்று இரும்பு வியாபாரி ஒருவர் எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்குப் பெட்டியில் மேலாகக் கிடந்த பெரிய சக்கரத்தில் பொறித்திருந்த எண்ணை நான் கண்ணால் பார்த்தேன்: 127.

அந்த எண்ணின் மகிமையைச் சொல்ல வேண்டும். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர். 1959இல் ஆங்கிலம் பேசும் ஆறு நாடுகள் சேர்ந்து இதைத் துல்லியமாக இவ்வளவுதான் என்று முடிவுசெய்தன; தொழிற்சாலைகள் அதற்கு முன்பே இப்படித்தான் கணக்கிட்டன. 25.4ஐ ஐந்தால் பெருக்கினால் 127, முழு எண். அது பகா எண். சின்னச் சக்கரங்களாகப் பிரிக்க வழியில்லை. ஆகவே அங்குலத் திருகு உள்ள லேத்தில் மில்லிமீட்டர் மரை சரியாக வெட்ட 127 பல் உள்ள ஒரு சக்கரம் வேண்டும். அங்குலத்துக்கு 4 மரை உள்ள திருகில், 40 பல் சக்கரம் ஓட்ட, 127 பல் சக்கரம் ஓடினால், 2 மி.மீ. மரை கடுகளவும் பிசகாமல் விழும். அங்குலமும் மீட்டரும் கைகுலுக்கும் ஒரே இடம் அந்தச் சக்கரம். புதுச்சேரியில் மீட்டரில் படித்துவிட்டு அங்குல நாட்டுக்கு வந்து சேர்ந்த எனக்கு அதன்மேல் தனிப் பாசம் உண்டானதில் ஆச்சரியமில்லை. நாடும் அதே வழியில்தான் நடந்தது: 1956இல் எடை அளவுச் சட்டம், 1957 ஏப்ரலில் நயா பைசா, 1958 அக்டோபர் முதல் கிலோ. அணாவும் சேரும் மறைந்தன. லேத்துகள் மட்டும் மாறவில்லை. வார்ப்பிரும்புக்கு அரசாணை செல்லாது.

சில வருஷங்களுக்கு முன்பு பிள்ளையார்பாளையத்துப் பட்டறைக்காரர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். அவருடைய அப்பா அந்தக் காலத்தில் ஏலத்தில் எடுத்த லேத்து, அதை எடைக்குப் போடலாமா என்று கேட்க.

"ஏன் தம்பி, ஓடவில்லையா?"

"ஓடுது சார். மில்லி மரை வெட்ட வரல. இப்ப வர்ற முறுக்கு மிஷின் எல்லாம் மில்லிதான். வேலை எல்லாம் ஒரகடத்துப் பக்கம் போயிடுது. கியர் வாங்கிப் போட்டேன், உறுமுது."

போய்ப் பார்த்தேன். பச்சை பெயிண்டுக்கு மேல் நீல பெயிண்ட், அதற்கு மேல் திருஷ்டிப் பொட்டு. இருந்தாலும் படுக்கையின் முனையில் எங்கள் நிலையத்து வரிசை எண்ணை உளியால் வெட்டியிருந்தது அப்படியே இருந்தது. அதே லேத். தட்டைப் படுக்கை, கூம்புக் கப்பி, வெண்கலப் புஷ், விட்வொர்த் போல்ட். நீளத் திருகு ஆக்மி, அங்குலத்துக்கு 4. ரிஜிஸ்டரில் டிஸ்போசல்ஸ் வழி 1951இல் வந்ததாகப் பதிவு இருந்தது எனக்கு நினைவிருந்ததால், போர்க்காலத்துக்கு இப்பால் பிறந்ததாக இருக்க வழியில்லை. யார் செய்தது என்று தேடித் திரிந்திருந்தால் மாதக்கணக்காகியிருக்கும். பாகம் பொருந்துவதற்குப் பெயர் தேவையே இல்லை, அளவு போதும் என்று அவரிடம் சொன்னேன்.

உறுமலுக்குக் காரணம் ஐந்து நிமிஷத்தில் தெரிந்தது. சென்னை புதுப்பேட்டையில் வாங்கி வந்த 40 பல் சக்கரம், லேத்தோடு மிஞ்சியிருந்த பழைய 40 பல் சக்கரம், இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒன்றுபோலவே இருந்தன. வெர்னியரை வைத்தேன். புதியது 63 மி.மீ. வெளிவிட்டம், பழையது 66.7. பல் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டி, வெளிவிட்டத்தை அதனால் வகுக்க வேண்டும். 63ஐ 42ஆல் வகுத்தால் 1.5, அது மாட்யூல் ஒன்றரை, மெட்ரிக் பல். 66.7ஐ வகுத்தால் 1.588, மெட்ரிக் வரிசையில் அப்படி ஒன்று கிடையாது. 25.4ஐ இதனால் வகுத்தால் 16 வருகிறது. இங்கிலீஷ் கணக்கில் பதினாறு டி.பி. பல். இரண்டு குடும்பத்துப் பல்லையும் கடிக்கவிட்டால் உறுமாமல் என்ன செய்யும்? போதாக்குறைக்குப் பழைய இங்கிலீஷ் பல்லின் அழுத்தக் கோணம் பதினாலரை பாகை, இப்போது வெட்டுவதெல்லாம் 20 பாகை. கியர் வெட்டச் சொல்லும்போது பல் எண்ணிக்கையை மட்டும் சொன்னால் வீண் செலவு. டி.பி.யா மாட்யூலா, கோணம், துளை, சாவிப் பள்ளம், தடிமன், இத்தனையும் எழுதிக்கொடுக்க வேண்டும். பழைய சக்கரம் ஒன்றை மாதிரிக்குக் கூடவே கொண்டுபோனால் இன்னும் நல்லது.

மற்ற பாகங்களில் பயப்படுவதற்கு அவ்வளவு இல்லை. பின்பக்க டெயில்ஸ்டாக்கில் செருகும் கூம்பு மோர்ஸ் கூம்பு. 1860களில் அமெரிக்கர் ஒருவர் வகுத்தது, அங்குல நாடும் மீட்டர் நாடும் ஒன்றுபோல ஏற்றுக்கொண்டன. மூன்றாம் நம்பர் கூம்பு என்றால் பட்டாலா டிரில்லும் ஜெர்மன் சென்டரும் இந்த லேத்தில் ஒன்றாகவே உட்காரும். சக்கும் அப்படித்தான். சக் நேரே பொருந்தாது, ஆனால் நடுவில் ஒரு வார்ப்பிரும்புத் தட்டை வைத்து, அதில் லேத்தின் மரையை வெட்டி, முகத்தை அதே லேத்தில் கடைந்துவிட்டால் எந்த சக்கையும் எந்த லேத்திலும் ஏற்றலாம். சம்பந்திகளுக்கு நடுவில் தரகர் மாதிரி அந்தத் தட்டு. பொருந்தவே பொருந்தாதவை லீட் ஸ்க்ரூவைப் பிடிக்கும் அரை நட்டும் இந்தப் பல்சக்கரங்களும்தான். அரை நட்டை வெண்கலத்தில் வார்த்துக் கடைந்துகொள்ளலாம். பாத்திரம் வார்க்கத் தெரிந்த ஊரில் அதற்கு ஆள் தேட வேண்டியதில்லை.

127 பல் சக்கரம் கிடைக்காவிட்டால் 63 பல் சக்கரத்தை வைத்துக் கிட்டத்தட்ட வெட்டலாம் என்று பழைய டர்னர்களுக்கு ஓர் உபாயம் தெரியும். பிசகு எட்டாயிரத்தில் ஒரு பங்கு. ஒரு மீட்டர் நீளத்தில் 0.125 மி.மீ. நட்டுக்கும் போல்ட்டுக்கும் அது தாராளம். சில மாதம் பட்டறைக்காரர் அப்படியே ஓட்டினார். நீளத் திருகுகளுக்கு ஆர்டர் வந்தபோது அம்பத்தூரில் பதினாறு டி.பி., பதினாலரை பாகை கட்டர் வைத்திருந்த ஒருவரைப் பிடித்து 127 பல்லையே வெட்டி வாங்கினோம். வெளிவிட்டம் 204.8 மி.மீ. அது ஏறிய பிறகு பக்கத்து மூடி மூடவில்லை. மூடியை வெட்டி, தகரத்தில் ஒரு தொப்பை வைத்துப் பற்றவைத்திருக்கிறார்.

மூடியின் உட்புறத்தில், ரிஜிஸ்டர் வழக்கப்படியே கோடு போட்டு ஓர் அட்டை எழுதி ஒட்டிக்கொடுத்தேன். இயந்திரம், வந்த வழி, வந்த ஆண்டு, லீட் ஸ்க்ரூ, பல்லின் அளவு, கோணம், துளை, கூம்பு நம்பர், சக் தட்டின் மரை. விலை என்ற பத்தியை மட்டும் அவர் வேண்டாம் என்றார். வருகிறவன் போகிறவன் பார்ப்பானாம்.

அந்த மரப்பெட்டியின் 22 சக்கரங்களில் நான்கு ஐந்தாவது எங்கேயோ உருக்காமல் கிடக்கும் என்று எனக்கு இன்னமும் ஒரு நப்பாசை. பழைய இரும்புக் கடையிலோ, உங்கள் வீட்டுப் பரணிலோ, கதவு காற்றில் அடிக்காமலிருக்க முட்டுக் கொடுத்த இடத்திலோ, வார்ப்பிரும்புப் பல்சக்கரம் எதையாவது பார்த்தால் தயவுசெய்து பல்லை எண்ணி, வெளிவிட்டத்தை அளந்து எனக்கு எழுதுங்கள். பெரும்பாலும் எண்ண வேண்டியிருக்காது. பல்லின் எண்ணிக்கையை ஓரத்தில் பொறித்திருப்பார்கள், கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தால் தெரியும்.